பேர் சொன்னால் திரும்பிப் பார்த்தாளா?

அன்பு ஜெயந்திக்கு,

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எல்லாம் போன்தான். அதிலும் பாதி நேரம் போர்வெல் வண்டிச் சத்தத்தில் நீ சொல்வது கேட்காது. 'சரி, சரி' என்று சொல்லி வைத்துவிடுவேன். எதற்கெல்லாம் சரி சொன்னேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். உட்கார்ந்து என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன்.

தர்ஷினி நன்றாக இருக்கிறாள். வருகிற மாசியோடு ஒன்பது வயது முடிகிறது. முன்பற்கள் முளைத்துவிட்டன. இப்போதும் சாமைச் சோற்றில் குழம்பு பட்டால் தொடமாட்டாள், வெறும் சோறும் தனியாக ஒரு துண்டு வெல்லமும்தான். தலைமுடியைத் தொட விடுவதில்லை என்பதால் கிராப்பு வெட்டிவிட்டோம். நீ பார்த்தால் திட்டுவாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். குறைபாடுள்ள பிள்ளைகளைப் பார்க்க ஜமுனாமரத்தூர் மையத்துக்கு வருகிற சிறப்பு ஆசிரியை வாசுகி டீச்சர், மலையில் இருக்கிற மற்ற பெற்றோர்களுக்காக என்னை எழுதித் தரச் சொன்னார். பொதுவாக எழுதிப் பார்த்தேன், பொய் பொய்யாக வந்தது. உனக்கு எழுதினால்தான் எனக்கு உண்மை வருகிறது. அவர்கள் கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. மஞ்சள்காமாலை என்று தகவல் வந்தபோது நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோளக்காட்டில் நின்றிருந்தேன். நான் ஊர் வந்து சேர்ந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் தலைமாட்டில் உட்கார்ந்து தர்ஷினி புளியங்கொட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. உன் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கூடியிருந்த பெண்கள், "பெத்தவ போய்ட்டா, அதுகூடத் தெரியாம கீது பாரு" என்றார்கள். ஜெயந்தி, நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு நாளுக்காக அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஏழு வயதுக் குழந்தைமேல்.

அவளுக்கு நாலு வயதில் நீ மாற்றுத்திறனாளி அட்டை வாங்கி வந்தாய். அறிவுசார் குறைபாடு என்று போட்டிருந்தார்கள். அதன் பிறகு நம் ஊருக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டது. நுனிக்காலில் நடக்கிறாளா, அதுதான். மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாளா, அதுதான். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்கிறாளா, பள்ளிக்கூடச் சட்டையைக் கழுத்தில் கிழித்துக்கொள்கிறாளா, மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை வேறெப்படி இருக்கும்? நானும் போனில் உன்னிடம் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நீ போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவளோடு தனியாக இருந்தேன். அதை எப்படிச் சொல்ல? எண்ணூறு அடி துளை போட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் பக்கத்தில் இன்னொரு இடம் பார்த்துப் போடுகிறவன் நான். இவளிடம் எங்கே தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு சந்தை நாளில் கூட்டத்துக்கு நடுவில் தரையில் விழுந்து கத்தினாள், தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் அவளை அடித்துவிட்டேன். ஜெயந்தி, கன்னத்தில். அவள் கத்துவதை நிறுத்தவில்லை. அன்றைக்கு வாங்கப் போன மிளகாயும் எண்ணெயும் வாங்காமலே அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் அண்ணன் முருகன் மச்சான் வந்தார். மலைக்குக் கீழே ஒரு விடுதி இருக்கிறது, இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்கள், நீ மறுபடி வண்டிக்குப் போ என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வண்டியிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன். இதை உன்னிடம் மறைக்கக்கூடாது. அவளுடைய துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்ததும் நான்தான்.

விடுதியில் சேர்க்கப் புதிய மதிப்பீட்டுத் தாள் வேண்டும் என்றார்கள். அதை வாங்கத்தான் வாசுகி டீச்சரிடம் போனேன். அவர் தர்ஷினியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இவளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று இதுவரை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். அந்தச் சொல்லையே நான் அன்றுதான் கேட்கிறேன். அட்டையைக் காட்டினேன். அது சரிதான், அது ஒன்று, இது இன்னொன்று, இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம், முதலாவது கண்ணுக்குத் தெரிந்ததும் இரண்டாவதை யாரும் தேடுவதில்லை என்றார்.

எனக்கு அது பிடிபடவில்லை. அப்போது அந்த அறையில் பக்கத்து ஊர்ப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. பாரதி என்று பேர். அவளுக்கும் நம் பிள்ளைக்கு இருக்கிற அதே அட்டைதான். பேச்சே இல்லை, எச்சில் வடிகிறது. ஆனால் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையிலிருந்த புது வளையலைத் தூக்கிக் காட்டினாள். நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்ததும் அவளும் சிரித்தாள். டீச்சர் என்னிடம் மெதுவாக, "இத பாத்தீங்களா. பேச்சு இல்ல, ஆனா உங்ககிட்ட எதையோ பங்கு போட்டுக்க வர்றா. தர்ஷினி இந்த மாதிரி எதையாவது காட்ட வந்திருக்காளா?" என்று கேட்டார்.

நான் பாரதியின் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேள்வித்தாளை எடுத்தார். எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். ஒன்றரை வயதில், இரண்டு வயதில், பேர் சொன்னால் திரும்பிப் பார்த்தாளா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டினாளா? போய் வருகிறேன் என்றால் கை அசைத்தாளா? பேசத் தொடங்கிய வார்த்தை ஏதாவது பிறகு நின்றுபோனதா? மற்ற குழந்தைகள் விளையாடினால் கிட்டே போனாளா?

எனக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு இரண்டு வயது நடந்த வருஷம் முழுக்க நான் வீட்டில் இருந்தது பொங்கலுக்கு ஒன்பது நாள். ஆனால் எதிரில் ஒருத்தர் பேனாவோடு உட்கார்ந்து உன் மகளைப் பற்றிச் சொல் என்கிறார். பெற்ற அப்பன் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. பார்ப்பாள் என்றேன். காட்டுவாள் என்றேன். கை அசைப்பாள், நன்றாக அசைப்பாள் என்றேன். உன் பெண்ணைப் பற்றி, நீ பார்த்து வளர்த்த பெண்ணைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

டீச்சர் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார். மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை என்றுதான் வருகிறது என்றார். அவர் முகத்தில் திருப்தி இல்லை. இருந்தாலும் நான் சொன்ன பதில்தானே தாளில் இருக்கிறது? விடுதிக்கு வேண்டியதை எழுதித் தந்துவிட்டார்.

வேலை முடிந்தது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். முடியவில்லை. சாமைக் கொல்லையில் நின்று களை பிடுங்கினால் கை நின்றுவிடுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். 'தர்ஷினி' என்று கூப்பிட்டேன். அவள் ஒரு டப்பா மூடியைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. முன்னால் போய் நின்று கூப்பிட்டேன். என்னைத் தாண்டி எங்கோ பார்த்தாள். நேற்று எந்த வாயால் 'பார்ப்பாள்' என்று சொன்னேன்? என் மானத்தைக் காப்பாற்ற அவளைப் பற்றிய உண்மையை மூடிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் மறுபடி மையத்துக்குப் போனேன். நான் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாத பதில், தாளைக் கிழித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தெரியாதுன்றதும் ஒரு பதில்தாங்க, நான் எழுதிக்குவேன். ஆனா தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க, யோசிச்சுப் பாருங்க" என்றார்.

தெரிந்தவள் நீ. வேறு யார்?

இருந்தாலும் நடந்தேன். உன் அம்மாவைக் கேட்டேன், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மச்சானைக் கேட்டேன், அவருக்கு ஞாபகமே இல்லை. கடைசியில் அங்கன்வாடி ராணியக்காவிடம் போனேன். உனக்கும் அவருக்கும் இருந்த சிநேகிதம் எனக்கு முழுதாகத் தெரியாது. சத்துமாவு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நான் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஜெயந்தி உங்கிட்ட சொல்லலியா? கொழந்தைக்கு ரெண்டு வயசு இருக்கசொல்ல தனியா இட்டுக்கினு கீழ போய்ட்டு வந்திச்சி, காது பாக்க."

எந்தக் காது, என்ன பார்க்க என்று கேட்டேன்.

"பேர் சொன்னா திரும்ப மாட்டேங்கறா, ஆனா வூட்டுக்குப் பின்னால முட்டாய்க் காகிதத்தப் பிரிச்சா ஓடியாந்துட்றா, இன்னாக்கா இதுன்னு கேட்டுக்கினே இருந்திச்சி. அங்க போய் காத டெஸ்ட் பண்ணாங்க. நல்லா கேக்குதுன்ட்டாங்க. திரும்பி வந்து எங்கிட்ட கேட்டிச்சி, காது நல்லா கேக்குதாம், அப்புறம் இன்னாத்துக்கு நான் கூப்ட்டா மட்டும் திரும்பலன்னு."

ராணியக்கா மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். பிறகு, "எனக்கு இன்னா தெரியும். வளர்ச்சி கம்மியான கொழந்த, அதான்னு சொல்லிட்டேன். அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

ஒன்றரை வயதில் அவள் 'மா' என்றும் 'தண்ணி' என்றும் சொன்னாளாமே. பிறகு மூன்று நாலு மாதத்தில் அது நின்றுபோனது என்று நீ அழுதாயாமே. பேச்சு போய்ட்டிச்சிக்கா என்று சொன்னாயாம். ஜெயந்தி, அவள் பேசியதைக் கேட்ட ஒரே ஆள் நீ. அந்தக் குரல் எப்படி இருந்தது? உன்னைப் பார்த்துச் சொன்னாளா, சும்மா சொன்னாளா? இதை நீ என்னிடம் போனில் சொன்னாயா? சொல்லி, நான் வண்டிச் சத்தத்தில் 'சரி' என்றேனா?

இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கத்துகிற பிள்ளையை அடக்கிக்கொண்டு, போளூர் பஸ்ஸில் நீ தனியாக இறங்கியிருக்கிறாய். பெரிய ஆஸ்பத்திரியில் யாரையும் தெரியாமல் வரிசையில் நின்றிருக்கிறாய். சரியான கேள்வியை நீதான் முதலில் கேட்டாய். ஏழு வருஷத்துக்கு முன்னால். அந்தக் கேள்வியை உன்னிடமிருந்து வாங்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக ஒரு ஆள் இல்லை. நான் இருந்திருக்க வேண்டும்.

ராணியக்கா என்னோடு மையத்துக்கு வந்தார். அவரை வைத்துக்கொண்டு டீச்சர் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன். இந்தத் தடவை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும் என்று வந்தது. இது சலித்து எடுப்பது மட்டும்தான், இதை வைத்து இருக்கிறது இல்லை என்று முடிவு சொல்லக்கூடாது, அதை அங்கேதான் சொல்லுவார்கள் என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. மேசை நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் தர்ஷினியோடு உட்கார்ந்துவிட்டார். சோப்புக் குமிழி ஊதினார். பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொன்னார். ஜன்னல் பக்கம் விரலை நீட்டி 'அதோ பார்' என்றார். தர்ஷினி அந்த விரலைத்தான் பார்த்தாள், ஜன்னலைப் பார்க்கவில்லை. ஒரு டப்பாவைத் திறக்க முடியாமல் போனதும் என்னிடம் வந்து என் கையைப் பிடித்து இழுத்து டப்பாமேல் வைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டிலும் இப்படித்தாங்க, என் கையைத்தான் தேடுவா என்று சொன்னேன். டாக்டரம்மா அதையும் குறித்துக்கொண்டார். முகத்தைப் பார்க்காமல் அடுத்தவர் கையைக் கருவி மாதிரி எடுத்துப் பயன்படுத்துவது ஒரு அடையாளம் என்று பிறகு சொன்னார்.

நான் வைத்திருந்தது அது ஒன்றுதான், ஜெயந்தி. அதுவும் நோயா?

கேட்டுவிட்டேன். "அப்போ எம்மேல பாசம் இல்லீங்களா?"

"பாசம் இல்லன்னு நான் சொல்லலீங்க. அத நீங்க எதிர்பாக்கிற மாதிரி காட்டத் தெரியலன்னுதான் சொல்றேன்" என்றார் அவர்.

இரண்டு நாள் போய் வந்தோம். இரண்டும் இருக்கிறது என்றார்கள். அறிவு வளர்ச்சி குறைவு என்ற பழைய தீர்ப்பு தப்பில்லை. கூடவே ஆட்டிசமும் இருக்கிறது. இவள் அளவு வளர்ச்சி உள்ள சின்னக் குழந்தைகூடச் செய்கிற சில காரியங்கள் இவளிடம் இல்லை, அதனால்தான் இது தனி என்று விளங்குகிறது என்று டாக்டரம்மா சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் என்று நான் இழுத்தேன். இப்போது ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியவில்லை.

நீ செத்த அன்றைக்கு அவள் அழாததையும் அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், கொல்லையிலிருந்து நீ திரும்புகிற பொழுதுக்குச் சரியாக, நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அடம் என்று நினைத்துத் தினமும் உள்ளே இழுத்து வந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். நீ சொல், அது என்ன? உனக்காகக் காத்துக்கொண்டிருந்தாளா? நான் அவளைத் தினமும் உன்னிடமிருந்தா இழுத்து வந்தேன்?

விடுதிப் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டேன். மச்சான் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது வருகிறார். வண்டிக்காரர்களிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜமுனாமரத்தூரில் சாமை அரைக்கிற மில்லில் வேலை. அவள் மையத்தில் இருக்கிற நேரம் நான் மில்லில் இருக்கிறேன்.

பெரிய அதிசயம் எதையும் எதிர்பார்க்காதே. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கிற துணிப்பட்டையை வெட்டி எடுக்கச் சொன்னார்கள். வெட்டினேன். அவ்வளவுதான், சட்டை கிழிப்பது நின்றுவிட்டது. எத்தனை சட்டைக்கு அவளைத் திட்டியிருப்போம்? சந்தைக்குக் கடை விரிக்கிற நேரத்திலேயே போய்க் கூட்டம் சேருமுன் வந்துவிடுகிறோம். திருவிழாவில் மேளம் தொடங்குமுன் அவளை ஏரிப் பக்கம் கூட்டிப் போய்விடுகிறேன். படம் ஒட்டிய அட்டைகள் தந்திருக்கிறார்கள். சோறு, தண்ணீர், வெளியே, போதும் என்று நாலு. போன மாதம் 'போதும்' அட்டையை எடுத்து என் மடியில் போட்டாள். தலை சீவிக்கொண்டிருந்தேன், உடனே நிறுத்திவிட்டேன். அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுவாரமே என் முன்கையில் கடித்தும்விட்டாள், தழும்பு இருக்கிறது. எதற்கு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சில நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். பெயர் தெரிந்துவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தேன், அடங்கவில்லை. முன்பு தெரியாமல் தவித்தேன், இப்போது தெரிந்து தவிக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை, அதுவரைக்கும் சொல்லலாம்.

இதைப் படிக்கிற அப்பாக்களில் என்னை மாதிரி வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வாசுகி டீச்சர் மேல் ஊர்களுக்கு அந்தக் கேள்வித்தாளோடு போகிறபோது என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். வெட்கப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள் என்று நான் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். அட்டை இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் இல்லை. பாரதிக்கு இல்லை. ஆனால் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, ஜெயந்தி. எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது, நீ அதை உன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது உன் தப்பில்லை, கேட்க ஆள் இருக்கவில்லை. ஆனால் ஒரு நாள் நானும் போவேன். அன்றைக்கும் யாரோ ஒருத்தர் அவள் எதிரில் ஒரு கேள்வித்தாளைப் பிரிப்பார். அப்போது பதில் தெரிந்தவன் மறுபடியும் மண்ணுக்குள் இருக்கக்கூடாது. அதனால் நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். என்ன சாப்பிட்டாள், எதற்கு அழுதாள், எந்தச் சத்தம் ஆகவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நாள் விடமாட்டேன். உனக்கு வாக்குத் தருகிறேன்.

நேற்று எழுதியது இது: 'ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். மலை இறங்கி முடிகிறவரை கத்தவில்லை. ஒரு வளைவில் தானாகச் சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.'

உன் மகளை இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும்,
தர்ஷினியோட அப்பா
சங்கர்